ஏரிக்கு வந்த மஞ்சள் தண்ணீர்

முதல் அடி என் தோழியின் மணிக்கட்டில் விழுந்தது. டேங்கர் டிரைவர் டயர் கழற்றும் ஸ்பேனரால் அடித்தான். காய்ந்த முருங்கைக் கிளையை முழங்காலில் வைத்து ஒடித்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் மழையையும் மீறி எனக்குக் கேட்டது. அவள் கத்தவில்லை. கையிலிருந்த போன் பாலத்தின் விளிம்பில் பட்டு ஓடைக்குள் விழுந்தது. அவள் அதைத்தான் பார்த்தாள். தன் கையைப் பார்க்கவில்லை.

ஐப்பசி மாதம், மதியம் இரண்டு மணி இருக்கும். நாங்கள் இருவரும் எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு. குருபரப்பள்ளியிலிருந்து உள்ளே போகும் மண் சாலையில் அவளுடைய ஊர். அந்த ஊர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையைத்தான் ஆய்வுக்கு எடுத்திருந்தோம். ஓடையில் ஐந்து இடங்கள் குறித்து, மாதம் ஒருமுறை எல்லா இடத்திலும் தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டும். நாலாவது இடம் மண் சாலை ஓடையைக் கடக்கும் சின்னப் பாலம். நான் முட்டியளவு தண்ணீரில் நின்று, குமிழி இல்லாமல் கண்ணாடி பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தேன். அவள் மேலே பாலத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த டேங்கர் ரிவர்ஸில் வந்தது. டிரைவர் ஒருவன்தான். நாற்பது வயதுக்கு மேல், ஒல்லி, காக்கிச் சட்டையின் பொத்தான்கள் திறந்து கிடந்தன. எங்களைப் பார்க்காமலே குழாயை அவிழ்த்து ஓடைக்குள் விட்டான். கொட்டியது தண்ணீர்தான், ஆனால் மஞ்சள். மஞ்சள் காமாலைக்காரன் கண்போல ஒரு மஞ்சள். மழைத் தண்ணீரோடு கலந்து என் காலைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் நோட்டை இடுப்பில் செருகிவிட்டுப் போனை எடுத்துப் படம் பிடித்தாள்.

"எவடி உன்ன படம் புடிக்கச் சொன்னது? அழி, அத அழிடி!"

"அழிக்க மாட்டேன். நம்பர் பிளேட்ல ஏன் சேறு பூசி வெச்சிருக்க?"

அதற்குப் பதில்தான் அந்த ஸ்பேனர்.

நான் கரையேறி ஓடினேன். அவன் திரும்பி என் வயிற்றில் உதைத்தான். மூச்சு நின்று மல்லாந்தேன். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். கொட்டிக்கொண்டிருந்த குழாயின் வாயில் என் முகத்தை வைத்து அழுத்தினான்.

"டெஸ்ட் பண்ணணுமா? இந்தா, நல்லா டெஸ்ட் பண்ணு!"

கண்ணிலும் மூக்கிலும் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டதுபோல எரிந்தது. வாயை இறுக மூடிக்கொண்டேன். அந்த ஒரு விஷயத்தில்தான் நான் புத்திசாலியாக இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று பிடி தளர்ந்தது. வண்டியைக் கிளப்பியவன், சாலையோரம் வைத்திருந்த எங்கள் ஐஸ் பெட்டியின் மேல் ஏற்றிவிட்டுப் போனான். அதுவரை எடுத்திருந்த மூன்று இடத்து மாதிரிகளும் டயருக்கடியில் நொறுங்கின.

மழைத் தண்ணீரால் கண்ணைக் கழுவிக்கொண்டு நான் அவளிடம் தவழ்ந்து போனேன். அவள் உட்கார்ந்திருந்தாள். வலது கை மணிக்கட்டிலிருந்து வேறு திசையில் தொங்கியது.

"தண்ணி எடுடீ," என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா."

"மொதல்ல தண்ணி எடு. மழையில கலைஞ்சிடும். எடுடீ!"

குடிக்கக் கொண்டுவந்த பாட்டிலைக் கொட்டினேன். மாதிரி எடுக்கும் முன் பாத்திரத்தை அதே தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும் என்பது ஆய்வுக்கு வழிகாட்டும் எங்கள் மேடம் சொல்லித் தந்தது. முகம் எரிய, மூக்கில் ரத்தம் வழிய, மூன்று முறை அலசினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. படிப்பு என்பது கைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது.

அவளுக்குக் கையில் தகடு வைத்தார்கள். எனக்குக் கண் தப்பியது. கன்னத்துத் தோல் உரிந்தது. காவல் நிலையத்தில் வண்டி எண் கேட்டார்கள், தெரியாது என்றோம். படம் எங்கே என்றார்கள், போன் ஓடையில் என்றோம். "பொம்பளப் புள்ளைங்க நீங்க எதுக்கும்மா அந்த எடத்துக்கெல்லாம் போறீங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு ரசீது கொடுத்தார்கள்.

நான் மத்திகிரியில் வாடகை வீட்டில் வளர்ந்தவள். வரிசையாக ஆறு வீடு, எல்லாம் கம்பெனி ஆட்கள். அம்மா நான் எட்டாவது படிக்கும்போதே போய்விட்டாள். அப்பாவின் ஆட்கள் தலைமுறையாக மற்றவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அப்பாதான் முதலில் கம்பெனி வாசலை மிதித்தவர். இரும்புச் சாமான்களுக்குப் பளபளப்பு ஏற்றும் பிளேட்டிங் கம்பெனி. தொட்டியில் முக்கி எடுப்பது அவர் வேலை. விரல்களில் பட்டாணி அளவுக்கு ஆறாத குழிப்புண்கள் இருக்கும். சோறு பிசையும்போது எரியும் என்று ஸ்பூனில்தான் சாப்பிடுவார். அது எதனால் வருகிறது என்று நான் முதல் வருஷம் இரண்டாவது பருவத்தில் ஒரு வகுப்பில் படித்தேன். அந்தத் தொட்டியிலிருக்கும் குரோமிய அமிலம்.

அடிபட்டு வீட்டுக்கு வந்த என்னை அப்பா வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார்.

"யாரு?"

"டேங்கர் டிரைவர்."

"வண்டி எப்டி இருந்துச்சி?"

"பச்சைத் தொட்டி. பின்னால வலது பக்கம் மட்கார்டு இல்ல."

அவர் முகத்தில் ஏதோ அணைந்தது. மறு நொடி என்னை அறைந்தார். உரியாத கன்னம் பார்த்துத்தான் அடித்தார், ஆனால் பலமாக. பிறந்ததிலிருந்து என்மேல் கை வைக்காதவர்.

"அங்க உனக்கு இன்னா வேல? படிக்கத்தான அனுப்புனேன்? ஓடையில போயி நிக்கவா அனுப்புனேன்?"

பிறகு சுவரோரம் உட்கார்ந்தார். அங்கிருந்தே சொன்னார்: "அது எங்க கம்பெனிக்கு வர்ற வண்டி, பாப்பா."

நான் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அவன் காவேரிப்பட்டினத்துப் பக்கம். நம்ம ஆளுங்கதான். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. அவனும் இன்னா பண்ணுவான்? செவ்வாக்கெழம ரொப்பிக் குடுத்துடுவாங்க. மழ பெஞ்சா பகல்லயே ஊத்திட்டு வான்னுவாரு சூப்பர்வைசர். மழையில கண்டுக்க மாட்டாங்கன்னு." என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தார். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு. கம்பெனி மூடிட்டா அறுவது குடும்பம் தெருவுல நிக்கும்."

"சொல்ல மாட்டேன்ப்பா," என்றேன்.

பல்கலைக்கழக ஆய்வகத்தில் அந்தக் குடிநீர் பாட்டிலைத் திறந்தேன். தண்ணீரின் மஞ்சள் சோதனை நிறத்தை மறைத்துவிடக்கூடாது என்று பல மடங்கு நீர்க்கச் செய்துதான் வேதிப்பொருளைச் சேர்த்தேன். இருந்தும் சேர்த்த கணமே ஊதா பொங்கியது. குரோமியம். மேடம் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். முதலில் என் கன்னத்துக்கு என்ன மருந்து போடுகிறேன் என்று கேட்டார். அப்புறம், "ஆய்வேட்டுல கம்பெனி பேரு, வண்டி, அடி எதுவும் வேணாம். நாலாவது இடம்னு மட்டும் எழுது. அளவு பேசட்டும்," என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார். பயமா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வகுப்பில் நிலைத்த வளர்ச்சி என்றால் போர்டில் மூன்று வட்டம் போடுவார்கள். சூழல், சமூகம், பொருளாதாரம். மூன்றும் வெட்டிக்கொள்ளும் நடுப்பகுதியில் சாக்பீஸால் கோடு கிழித்து, இதுதான் நாம் போய்ச் சேர வேண்டிய இடம் என்பார்கள். அந்த வாரம் அந்தப் படத்தை மறுபடி பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் அப்பாவின் கையும், என் கன்னமும், அவளுடைய எலும்பும் அந்த நடுப்பகுதியில்தான் இருந்தன.

கார்த்திகையில் ஒருநாள் காலை அவள் அழைத்தாள். அழுகையில் தெலுங்கும் தமிழும் கலந்து வந்தன. அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். "ஏரிக்கரையில தண்ணி குடிச்சிட்டு வந்துச்சுங்க. மூணும் போச்சுடீ."

நான் பஸ் ஏறிப் போனேன். கொட்டகைக்கு முன்னால் இரண்டு கறவை மாடுகளும் ஒரு கிடாரியும் கால்களை விறைத்துக்கொண்டு கிடந்தன. நாக்கு புண்ணாகி வெளியே தொங்கியது. கால்நடை மருத்துவர் ஒரு மாட்டின் வயிற்றைக் கிழித்துக் காட்டிய இடத்தில் குடல் வெந்ததுபோல இருந்தது. அக்கம்பக்கத்திலும் நாலைந்து வீடுகளில் இதே கதை. அவளுடைய சித்தப்பா, அந்த ஊரில் பேச்சுக்கு மதிப்புள்ள விவசாயி, கடப்பாரையை மண்ணில் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு கெட்ட வார்த்தை.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் வருஷம் நான் முதன்முதலாகப் போனபோது அந்தச் சித்தப்பா, "அப்பாவுக்குச் சொந்த ஊரு எது? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார். சொன்னேன். டீ வந்தது. எல்லோருக்கும் டம்ளர், எனக்குப் பேப்பர் கப். என் தோழி தன் டம்ளரை அப்படியே சமையலறையில் கவிழ்த்துவிட்டு ஒரு பேப்பர் கப் எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாள். அதன்பின் நான் போகும்போதெல்லாம் அவளும் பேப்பர் கப்தான். அதைப் பற்றி நாங்கள் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

மாடுகள் செத்த மறுநாள் காலை, பால் ஊற்ற எல்லோரும் கூடும் சொசைட்டி வாசலில், மாவுக்கட்டுக் கையோடு நின்று அவள் எங்கள் அளவுகளைப் படித்தாள். குரோமியம் என்றால் என்ன, அமிலம் என்றால் என்ன என்று தெலுங்கிலும் தமிழிலும் சொன்னாள். டிரைவர் என் முகத்தை எப்படிக் குழாயில் அழுத்தினான் என்றும் சொன்னாள். எல்லோரும் என் கன்னத்தைப் பார்த்தார்கள். புதுத்தோல் வெளிர் நிறத்தில் திட்டுத்திட்டாக வந்திருந்தது.

"எப்ப வர்றான்னு தெரிஞ்சா போலீஸ்ல புடிச்சிக் குடுத்துடலாம்," என்றார் சித்தப்பா. "எப்ப வர்றான்? யாருக்குத் தெரியும்?"

"செவ்வாக்கெழம," என்றேன். "மழ பெஞ்சா கண்டிப்பா வருவாரு. பகல்ல."

போலீஸில் பிடித்துக் கொடுப்பார்கள் என்று நம்பித்தான் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். அந்தக் கடப்பாரையை நான் பார்த்திருந்தேன். அவன் அடிபட வேண்டும் என்றுதான் சொன்னேன். அப்பாவின் தலையில் கை வைத்தது அப்போது நினைவுக்கு வந்தது. வந்தும் வாய் நிற்கவில்லை.

அடுத்த செவ்வாய் மழை பெய்தது. காலை பத்து மணிக்கெல்லாம் பாலத்துக்கு இந்தப் பக்கம் மாமரங்களுக்கு அடியில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். பால் ஊற்றிவிட்டு நேராக வந்தவர்கள் கேன்களோடு நின்றார்கள். ஒருவர் பீடி பற்றவைக்க முயன்று தீக்குச்சி நமத்துப்போய்த் திட்டிக்கொண்டிருந்தார். டேங்கர் ரிவர்ஸில் வந்து பாலத்தில் நின்றதும் மண் சாலையை மறித்து டிராக்டரை விட்டார்கள்.

அவன் குழாயைக் கையில் பிடித்தபடி திரும்பினான். ஒரு கணம் புரியாமல் நின்றான். பிறகு ஓடினான். சேற்றில் பத்தடிகூடப் போகவில்லை.

"கொட்டண்டிரா வாண்ணி!" அவனை அடியுங்கடா என்று யாரோ தெலுங்கில் கத்த, அடி விழத் தொடங்கியது. மண்வெட்டிக் காம்பு, சவுக்குக் கட்டை, பால் கேன் மூடி. கேன் மூடி அவன் புருவத்தில் பட்டு வலது கண்ணுக்குள் இறங்கியது. கீழே விழுந்தவனை உருட்டி உருட்டி உதைத்தார்கள். அவன் உடம்பிலிருந்து வந்த சத்தங்கள் மனிதனுடையவை மாதிரி இல்லை, மூட்டையை லாரியிலிருந்து தள்ளும் சத்தம். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். என் செருப்பைக் கழற்றினேன். அவன் முகத்தில் அடித்தேன். ஒருமுறை அல்ல. மூன்றோ நான்கோ. அடிக்கும்போது எனக்கு இனித்தது. அதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் எழுதிப் பயனில்லை.

சித்தப்பா அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். "எந்த ஊர்றா நீ?"

அவன் சொன்னான்.

"அந்த ஊர்ல எந்தத் தெருடா?"

அவன் அதையும் சொன்னான். ரத்தத்தோடு சொன்னான். தெருவின் பெயரைக் கேட்டதும் கூட்டத்தின் குரல் மாறியது. அதுவரை மாட்டுக்காக, ஏரிக்காக, எங்களுக்காக விழுந்த அடி வேறொன்றாக ஆனது. அவர்கள் அவனைத் திட்டிய வார்த்தை அவனை மட்டும் திட்டும் வார்த்தை அல்ல. என் அப்பாவை, என் அம்மாவை, என்னை. செருப்போடு நான் நடுவில் நிற்பதை யாரும் கவனிக்கவில்லை. என் தோழி மட்டும் என்னைப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"பொண்ணு மூஞ்சிய எதுல வெச்சி அழுத்துன? நீ குடிச்சிக் காட்டு. குடிடா!" என்றார் சித்தப்பா.

இரண்டு பேர் அவன் தாடையைப் பிளந்தார்கள். ஒருவர் குழாயின் வால்வைத் திறந்தார். மஞ்சள் தண்ணீர் அவன் வாய்க்குள் பாய்ந்தது.

அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் எனக்குத்தான் தெரியும். எண்ணாகவே தெரியும். "வேணாம்! செத்துடுவாரு! விடுங்க, செத்துடுவாரு!" என்று கத்திக்கொண்டு குழாயின்மேல் விழுந்தேன். யாரோ என் முதுகில் கட்டையால் அடித்தார்கள். தெரிந்து அடித்தார்களோ தெரியாமல் அடித்தார்களோ. சித்தப்பா என் கையை முறுக்கி விலக்கி, "நீயும் அவனுங்க தெருதான? தள்ளிப் போ!" என்றார்.

அப்போது என் தோழி மாவுக்கட்டுக் கையை அந்த வால்வின்மேல் ஓங்கி அடித்தாள். கட்டு உடைந்தது. வால்வு மூடவில்லை, ஆனால் அவள் போட்ட கூச்சலில் தாடையைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். வீட்டுப் பெண் கத்தினால் நிற்பார்கள். நான் கத்தினால் நிற்கவில்லை.

அவன் பக்கவாட்டில் சாய்ந்து இருமினான். விரலை விட்டு வாந்தி எடுக்க வையுங்கள் என்று ஒருவர் ஓடிவந்தார். நான் அவரைத் தள்ளினேன். எங்கள் ஆய்வகச் சுவரில் ஒரு அட்டை மாட்டியிருக்கும்: அமிலத்தை விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, போன வழியிலேயே மறுபடி வேக வைத்துவிடும், நினைவோடு இருந்தால் கொஞ்சம் பால் கொடுக்கலாம். தோழி ஒரு கேனைக் காலால் என் பக்கம் தள்ளினாள். சொசைட்டியில் ஊற்றியது போக மிஞ்சிய பால் அடியில் கிடந்தது. கேன் மூடியில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அவன் வாயில் விட்டேன். அந்த மூடியின் விளிம்பில் அவன் கண் ரத்தம் இருந்தது.

"அண்ணா, முழுங்குங்க. வாந்தி எடுக்காதீங்க. முழுங்குங்க அண்ணா."

அவன் இடது கண்ணால் என்னைப் பார்த்தான். "யம்மா, யம்மா," என்றான். எங்கள் அம்மா ஊர்க்காரர்கள் சொல்லும் அதே இழுப்பு.

எங்களுக்குப் பின்னால், யாரோ வைத்த தீயில் டேங்கரின் கேபின் எரியத் தொடங்கியது. மழையிலும் எரிந்தது. நான்தான் நூற்றியெட்டுக்குப் போன் அடித்தேன். ஆம்புலன்ஸ் பக்கத்தில் வருவது தெரிந்ததும் மாந்தோப்பு காலியானது. நாங்கள் இருவரும் அவனும் மட்டும் மிஞ்சினோம்.

அவன் சாகவில்லை. தொண்டை வெந்துபோனது, வலது கண் போனது, சிறுநீரகத்துக்காகப் பல வாரம் இயந்திரத்தில் போட்டார்கள். ஊரில் சிலர் கைதானார்கள், சித்தப்பாவும். விசாரணையில் வண்டி எந்தக் கம்பெனிக்கு ஓடியது என்று வெளியே வந்து, கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். மத்திகிரியில் எங்கள் வரிசையிலேயே இரண்டு வீடுகளுக்கு வேலை போனது. அப்பாவுக்கும்தான்.

செவ்வாய்க்கிழமை என்று யார் சொன்னது என்று அப்பா என்னைக் கேட்கவே இல்லை. எனக்குச் சமைத்து வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார். மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல், "இன்னொருவாட்டி அறைஞ்சிடுப்பா," என்றேன். அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். கிரானைட் மெருகேற்றும் இடத்தில் வேலை கிடைத்தது. விரல் குழிகள் மெல்ல மூடின. பதிலுக்கு இருமல் வந்தது.

தை பிறந்து நான் அந்த டிரைவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி என்னை யாரென்று தெரியாமல் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவருக்குத் தெரிந்தது. குரல் காற்றாகத்தான் வந்தது.

"பால் ஊத்துன புள்ள."

"ஆமாண்ணா. செருப்பால அடிச்சதும் நான்தான். நீங்க வர்ற நாள சொன்னதும் நான்தான்."

அவர் மனைவியின் கை கஞ்சி டம்ளரோடு அப்படியே நின்றது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ன அந்தக் குழாயில வெச்சி அழுத்துனனே," என்றார். "வூட்டுக்குப் போயி எம் புள்ளைங்களத் தொட முடியல. அடுத்த வாரம் அதே குழாயத் தொட்டேன்." இருமினார். "போ. இனிமே வராத."

டம்ளரைக் கீழே வைத்த அவர் மனைவி என்னைக் கதவு வரை தள்ளிக்கொண்டே வந்தார். வார்டு முழுக்கப் பார்த்தது. நான் தடுக்கவில்லை.

சித்திரையில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர், நாலாவது இடத்தின் கார்த்திகை மாத அளவு ஏன் இல்லை என்று கேட்டார். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தார். "அன்னைக்கு அங்க ஒரு மனுஷன அடிச்சிட்டிருந்தோம் சார்," என்றேன். அடுத்த கேள்வி எதுவும் வரவில்லை. தேர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது ஓசூர்ப் பக்கம் கழிவுநீர் சுத்திகரிக்கும் ஒரு நிலையத்தில் கெமிஸ்டாக இருக்கிறேன். பல கம்பெனிகளின் தண்ணீர் டேங்கரில் வரும். ஏணியில் ஏறி, மூடி திறந்து, மாதிரி எடுத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விட வேண்டும். டிரைவர்கள் குழாயை அவிழ்க்கும்போது நான் ஏதாவது சாக்குச் சொல்லி அந்தப் பக்கம் போய்விடுவேன். பழைய பிளேட்டிங் கம்பெனி வேறு பெயர்ப் பலகையோடு திறந்துவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

போன வருஷம் கிருஷ்ணகிரி கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. இரண்டு வழக்கு. எங்களை அடித்ததற்கு டிரைவர் மேல் ஒன்று, டிரைவரை அடித்ததற்கு ஊர்க்காரர்கள் மேல் ஒன்று. இரண்டிலும் நான் சாட்சி, என் தோழியும் சாட்சி. கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடி சொன்னேன். தாடையைப் பிடித்தவர்கள் யார், வால்வைத் திறந்தவர் யார், குடிடா என்றவர் யார், என்ன வார்த்தை சொல்லித் திட்டினார்கள், எல்லாம். எதிர்த்தரப்பு வக்கீல், "நீங்க அடிக்கவே இல்லையா?" என்று கேட்டார். "அடிச்சேன், செருப்பால," என்றேன். எழுதிக்கொண்டார்கள். அதற்கு என்மேலும் வழக்கு வரலாம் என்று அரசு வக்கீல் அப்புறம் சொன்னார். வரட்டும் என்றேன்.

அடுத்துத் தோழியைக் கூப்பிட்டார்கள். டிரைவர் தன் கையை உடைத்ததைச் சொன்னாள். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்டபோது, மழை அதிகம், கூட்டம் அதிகம், யார் என்ன செய்தார்கள் என்று தான் பார்க்கவில்லை என்றாள். கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த அவள் வலது மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியிருந்தது. அன்று வால்வில் அடித்தபோது இரண்டாவது முறை உடைந்ததால் அப்படி.

வெளியே வேப்பமரத்தடியில் அவளே என்னிடம் வந்தாள். தூரத்தில் அவளுடைய சித்தப்பா வண்டியருகில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டு உடைய அடிச்சது நீதான?" என்றேன். "நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

"நீ சொன்னதுக்கப்புறம் உன் வூட்டுக்குப் போவ. நான் சொன்னா எங்கடீ போவேன்?" அவள் குரல் உயர்ந்தது. "ஒரு மனுஷன் வாயில வெஷத்த ஊத்துனாங்க, எங்காளுங்க. எனக்குத் தெரியாதா? தெனம் அவங்ககூட உக்காந்து சாப்பிடறேன். ஒவ்வொரு வாய்க்கும் தெரியும்."

"அப்ப சொல்லியிருக்கணும்."

அவள் இடது கையால் என்னை அறைந்தாள். கோர்ட் வாசலில், எல்லோர் முன்னாலும். அடி பழைய தழும்பில் விழுந்தது. நான் கையை ஓங்கினேன், ஓங்கியபடியே நின்றேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.